வெள்ளிக்கம்பியில் ஒரு பேர்

சாத்தனேரியில செத்தவங்க கல்யாணத்துக்கு வர ஆரம்பிச்சது ஜெயக்கொடி செஞ்ச எழுத்தாலதான்னு ஊரே சொல்லுது. அந்த ஜெயக்கொடி நான்தான். இல்லேன்னு சொல்லல, என் எழுத்தாலதான் வந்தாங்க, இப்பவும் வாராங்க, வந்து பந்தியில உக்காந்து ரசத்துல உப்புக் கம்மின்னு குறை சொல்லிட்டுப் போறாங்க. ஆனா அதுக்காகவா நான் ரெண்டு வருசம் கண்ணைக் கெடுத்துக்கிட்டு ஒரு எழுத்தைச் செஞ்சேன்? இதைக் கேக்க ஒரு நாதி இல்ல. அதனால நானே சொல்லுறேன், இருந்து கேட்டுட்டுப் போங்க.

சண்முகக்கனி அச்சகத்துல கம்ப்யூட்டர் முன்னால பதினெட்டு வருசமா உக்காந்து ஊருக்கெல்லாம் கல்யாணப் பத்திரிகை அடிச்சுக் குடுக்கிறவ நான். எங்க பக்கத்துப் பத்திரிகை எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாததா, பொண்ணு பேரும் மாப்பிள்ளை பேரும் தடிதடியா, தங்கக் கலரு பூசி, அதுக்குச் செவப்பு நிழலு குடுத்து, அந்த நிழலுக்கு ஒரு மஞ்சப் பளபளப்பும் குடுத்து, பாத்தா கண்ணு கூசும், அப்படி இல்லாட்டி கல்யாணமே நடக்காத மாதிரி சனங்க பதறும். அதையே அடிச்சு அடிச்சு எனக்குச் சீன்னு போச்சு. அப்பத்தான் எங்க அம்மா வீட்டுப் பரண்ல ஒரு பழைய மூக்குப்பொடி டப்பா கிடைச்சது. அதுமேல கடைக்காரர் பேரை யாரோ ஒரு மகராசன் அந்தக் காலத்துல ஓரத்தை மட்டும் கோடா வரைஞ்சு, உள்ள ஒண்ணுமே இல்லாம, வெறும் தகரம் தெரியறாப்புல எழுதியிருந்தான். ஒரு பக்கக் கோடு மெலிசு, மறுபக்கக் கோடு ஒரு மயிரிழை தடிப்பு, சுழி போற இடத்துல கோடு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி ஒரு வளைவு. அடடா, என்ன ஒரு பவுசுங்கீங்க! டப்பாவை மடியில வச்சுக்கிட்டு நான் அன்னைக்குச் சாப்பிடவே இல்ல.

டப்பாவுல இருந்தது ஏழே எழுத்து. மிச்சத்தை நான் வரைஞ்சேன். மதியம் எல்லாரும் சாப்பிடப் போற நேரத்துல, கரண்டு போற நேரத்துல, கட்டம் போட்ட நோட்டுல பென்சிலால வரைஞ்சு, அழிச்சு, மறுபடி வரைஞ்சு, ழவுக்கு மட்டும் நாப்பது தடவை, ஐக்கு அதுக்கும் மேல, அப்புறம் அதை ஒவ்வொண்ணா கம்ப்யூட்டர்ல ஏத்தி, ரெண்டு வருசம் கழிச்சு ஒரு முழு எழுத்துக் குடும்பமாக் கொண்டு வந்தேன். வெள்ளிக்கம்பின்னு பேரு வச்சேன். பெருசாப் போடணும் அதை, பத்திரிகையோட நெத்தியில, கடையோட போர்டுல, ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலத்துக்கு நின்னாத்தான் அதோட அழகு தெரியும். அதுக்குன்னே செஞ்சது.

முதலாளி சவுந்தரபாண்டியன் அண்ணாச்சி, நல்ல மனுசர்தான், கண்ணாடியைத் தூக்கிப் பாத்தாரு, இறக்கிப் பாத்தாரு.

"ஏம்மா ஜெயக்கொடி, எழுத்தைக் காணோமே?"

"அதான் அண்ணாச்சி எழுத்து. ஓரம் மட்டுந்தான் இருக்கும்."

"உள்ள மை ஊத்த மறந்துட்டியோன்னு நினைச்சேன்" அப்படின்னாரு.

வந்த சனமெல்லாம் அதையேதான் சொல்லுச்சு. "என் மகன் பேரை இப்படி வெத்தாக்கி வச்சிருக்கீகளே, நிறைவா இருக்க வேண்டாமா"ன்னு ஒரு அம்மா சண்டைக்கே வந்துட்டா. நல்ல காரியத்துல வெறுமை ஆகாதாம். சரி, போங்க, உங்களுக்குத் தடி எழுத்துத்தான் விதிச்சதுன்னு தலையில அடிச்சுக்கிட்டு மறுபடியும் தங்கக் கலரைத் திறந்தேன்.

அப்பத்தான் பூரணத்தக்கா வந்தாங்க. அவங்க மகளுக்குக் கல்யாணம், அக்காவோட அப்பா வேலாயுதக்கனி போயி மூணு மாசம். எங்க பக்கத்துப் பத்திரிகையில மணமக்கள் பேருக்குக் கீழ, உங்களை வரவேற்கிறவங்கன்னு சொந்தக்காரங்க பேரெல்லாம் வரிசையா வரும், செத்தவங்க பேரையும் விட மாட்டோம், முன்னால அமரர்னு ஒரு வார்த்தையைச் சேர்த்துப் போடுவோம். பூரணத்தக்கா அந்த வார்த்தையைப் பாத்ததும் புரூப் தாள்மேலயே அழுதுட்டாங்க. "மங்கலமான தாள்ல அதைப் போடாத ஜெயா, எனக்குத் தாங்கல. வேற எப்படியாவது போடு"ன்னாங்க. வேற எப்படிப் போட? நான் யோசிச்சு, அவங்க அப்பா பேரை மட்டும் வெள்ளிக்கம்பியில வச்சேன். உள்ள ஆள் இல்ல, ஓரம் மட்டும் இருக்கு, பாக்கிறவங்களுக்குப் புரியும். பத்துப் பாயிண்டு அளவு. உள்ளங்கை அகலத்துக்குச் செஞ்ச எழுத்து, எறும்பு அளவுக்கு, மூலையில.

கல்யாணத்தன்னைக்கு மண்டபத்து வாசல்ல வேலாயுதக்கனி பெரியப்பா வெள்ளை வேட்டி கட்டி, சந்தனக் கிண்ணத்தை வச்சுக்கிட்டு, வாங்க வாங்க, சாப்பிட்டுட்டுப் போகணும்னு எல்லாரையும் கூப்பிட்டுக்கிட்டு நின்னாரு. பேரு வரவேற்கிறவங்க பட்டியல்ல இருந்துச்சுல்ல, வந்துட்டாரு. ஓரமெல்லாம் தெளிவா இருந்துச்சு, மீசை, காது, வேட்டிக் கரை எல்லாம், நடுவுல மட்டும் பின்னால இருக்கிற வாழைமரமும் சீரியல் பல்பும் தெரிஞ்சது. சனங்க சந்தனத்தைத் தொட்டுக்கிட்டு, "நல்லா இருக்கீகளா"ன்னு கேட்டுட்டு உள்ள போயி உக்காந்துச்சு. பந்தியில பாயசம் வர்ற நேரத்துலதான் ஒருத்தர், "ஏய், இவரு காரியத்துக்கு நாம போனோமே"ன்னு கேட்டாரு. ஆமா, போனோம்னு பக்கத்துல இருந்தவரு சொல்லிட்டு அப்பளம் கேட்டாரு. அவ்வளவுதான். தாம்பூலப் பையை வாங்கிக்கிட்டு அலங்கார வளைவைத் தாண்டினதும் பெரியப்பாவைக் காணோம். பூரணத்தக்காவுக்கு ஒரே குறை, அப்பா வருவாருன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா அவருக்குப் பிடிச்ச கருணைக்கிழங்கு வைக்கச் சொல்லியிருப்பேன்னு எங்கிட்ட வந்து சடைச்சாங்க. நான் என்னத்தைக் கண்டேன்?

மறுவாரம் அச்சகத்து வாசல்ல கூட்டம். ஒருத்தராவது எழுத்து அழகா இருக்குன்னு சொல்லணுமே, மூச்! எங்க அம்மா பேரைக் கோட்டுல போடு, எங்க அண்ணன் பேரைக் கோட்டுல போடு, இதே பேச்சு. வெள்ளிக்கம்பிங்கிற பேரே ஒருத்தர் வாயில வரல, கோட்டெழுத்துன்னு ஆக்கிட்டாங்க. சமையல்காரர் மாசானமுத்து பந்திக்குக் கணக்குக் கேக்கும்போதே, "ஆளு எண்ணூறு, கோடு எத்தனை?"ன்னு கேக்கப் பழகிட்டாரு. கோட்டாளுங்க நல்லாச் சாப்பிடுவாங்க, சாப்பாடு எங்க போகுதுன்னு எங்கிட்டக் கேக்காதீங்க, இலை காலியாகும், பாத்திருக்கேன். போட்டோக்காரங்க அவங்களை நிக்க வைக்க ஒரு கருப்புத் துணி வாங்கி வச்சாங்க, பின்னால வெளிச்சம் இருந்தா படத்துல விழ மாட்டாங்க. மண்டபத்துல அவங்களுக்குன்னு மின்விசிறி இல்லாத பக்கம் ஒதுக்குனாங்க, காத்தடிச்சா ஓரம் லேசா ஆடும்.

சண்டைக்கும் குறைவில்ல. ரெண்டாந்தாரம் கட்டினவரு வீட்டுல மூத்தவ பேரைக் கோட்டுல போடணும்னு மூத்தவ பிள்ளைங்க நிக்க, போட்டா நான் மண்டபத்துப் படி ஏற மாட்டேன்னு இளையவ நிக்க, மூணு தடவை புரூப் மாத்தினேன். கடைசியில போட்டாங்க, மூத்தவ வந்தா, வந்து இளையவளுக்குத் தலை சீவிப் பூ வச்சுவிட்டா, ரெண்டு பேரும் சேந்து அந்த மனுசனைத் திட்டினாங்க. இன்னொரு வீட்டுல, கிணத்தை வித்துட்டியாமேன்னு செத்த அப்பா மகன் சட்டையைப் பிடிச்சுட்டாரு. அடுத்த கல்யாணத்துல அவரு பேரை அந்த மகன் கமுக்கமா விட்டுட்டான்.

எதிர்த் தெரு அச்சகத்துக்காரங்க என் எழுத்தை எப்படியோ பென்டிரைவ்ல அள்ளிட்டுப் போனாங்க. போயி என்ன, காப்பியில கோடு அங்கங்க விட்டுப்போச்சு, வந்த மனுசர் ஒத்தைக் காது இல்லாம வந்து நின்னாரு, அவரு சம்சாரம் கத்தின கத்துல மேளச் சத்தமே கேக்கல. அதோட எல்லாரும் எங்கிட்டயே திரும்பி வந்துட்டாங்க.

தப்பு நான் ஒண்ணே ஒண்ணு செஞ்சேன். அவசரத்துக்கு ஒரு வீட்டுப் பத்திரிகைக் கோப்பைத் திறந்து, அதுலயே பேரை மட்டும் மாத்தி அடுத்த வீட்டுக்கு அடிக்கிறது எங்க தொழில்ல உள்ளதுதான். அப்படி மாத்தும்போது முத்துவீரப்பன்னு ஒரு தாய்மாமன் பேரு முந்தின வீட்டுத் தாத்தா பேரு இருந்த வரியில உக்காந்து கோட்டெழுத்துல வந்துருச்சு. அவரு கல்லுக்குண்டு மாதிரி உயிரோட இருக்காரு. ஆயிரம் பத்திரிகை அடிச்சுக் குடுத்தாச்சு. மனுசர் அச்சகத்துக்கே வந்து, என் கையை எடுத்துத் தன் மணிக்கட்டுல வச்சு, "நாடி துடிக்குதா இல்லையா, சொல்லும்மா"ன்னாரு. துடிச்சது. கல்யாணத்துக்கு வரமாட்டேன்னுட்டாரு, வரவும் இல்ல. அன்னைக்குத்தான் ஊருக்கு ஒரு விசயம் வெளிச்சமாச்சு. உயிரோட இருக்கிறவங்க பேரைக் கோட்டுல போட்டா கோவம் வரும், ஆளு வராது. செத்தவங்க பேரைப் போட்டா வராம இருக்க மாட்டாங்க, மழையா வெயிலா, ஒருத்தர் தப்புனதில்ல.

என் தூக்கம் போனது அன்னைக்குத்தான். ஏன்னு சொல்லுறேன்.

என் வீட்டுக்காரர் பேரு தவசிலிங்கம். லேத்து வேலை. பன்னெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு செவ்வாக்கிழமை, சோலாப்பூர்ல வேலை இருக்கு, ஒரு மாசத்துல வந்துருவேன்னு சொல்லிட்டுப் போனாரு. மூணு தடவை போன் பண்ணினாரு. மூணாவது தடவை, இந்துஜாவுக்குக் கொலுசு வாங்கி வச்சிருக்கேன், அளவு சரியா இருக்குமான்னு கேட்டாரு. அதுக்கப்புறம் போன் இல்ல. அந்த மாசம் அந்தப் பக்கம் ஒரு ரயில் கவுந்துச்சு, நான் போயி, அடையாளம் தெரியாதவங்க போட்டோவெல்லாம் பாத்தேன், ஒரு போட்டோவுல இருந்த முதுகு அவரு முதுகு மாதிரியும் இருந்துச்சு, இல்லாத மாதிரியும் இருந்துச்சு. பதினஞ்சு வருசம் ஒண்ணா இருந்த மனுசன் முதுகு எனக்குத் தெரியல. போலீஸ்ல எழுதிக் குடுத்தேன். அவ்வளவுதான்.

செத்தாருன்னா அழுது முடிச்சுட்டு அடுத்த வேலையைப் பாக்கலாம். இருக்காருன்னா கோவப்படலாம். நான் ரெண்டும் இல்லாம நடுவுல கிடந்தேன். எந்த ஆபீசுல எந்தத் தாளைக் குடுத்தாலும் கணவர் இருக்கிறார், காலமானார்னு ரெண்டு கட்டம் இருக்கும், ஒண்ணுல டிக் அடின்னு சொல்லுவான், நான் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன், பின்னால வரிசை கத்தும். விசேச வீட்டுல குங்குமத் தட்டு வரிசையா வரும், எனக்கு முன்னால வந்ததும் ஒரு நொடி நின்னு யோசிக்கும். அந்த ஒரு நொடி இருக்கு பாருங்க, பன்னெண்டு வருசத்துல அதைச் சேத்து வச்சா ஒரு பெரிய கல்லாயிரும்.

ஊருக்கு வழி தெரிஞ்சதும் எல்லாரும் ஆரம்பிச்சுட்டாங்க. "எழுத்து உன் கையிலதான இருக்கு, ஒரு தடவை போட்டுப் பாத்துர வேண்டியதுதான?" கொழுந்தன் வீட்டுக் கல்யாணத்துல அவரு பேரைக் கோட்டுல போடச் சொன்னாங்க. என் கையால போட மாட்டேன்னுட்டேன். மாமனார் சங்கரமூர்த்தி செத்து நாலு வருசம், அவரு பேரை மட்டும் போட்டேன், அவரு வந்தாரு. பந்திக்குப் பக்கத்துல தனியா நின்னப்ப கேட்டேன்.

"மாமா, உங்க மகன் அங்க இருக்காரா?"

"எங்க?"ன்னாரு.

"நீங்க இருக்கிற இடத்துல."

பஸ்ல தூங்கிட்டே வந்தவங்களை எழுப்பி எந்த ஊரைத் தாண்டுனோம்னு கேட்டா முழிப்பாங்க பாருங்க, அப்படி முழிச்சாரு. எல்லாக் கோட்டாளுங்களும் அப்படித்தான், அந்தப் பக்கத்துச் சங்கதி ஒண்ணும் நினைப்பில இருக்காது, சோறு, சொந்தம், பழைய சண்டை இது மட்டும் அச்சுப்போல இருக்கும். "அவன் சாப்பிட்டானாம்மா?"ன்னு எங்கிட்டயே திருப்பிக் கேட்டாரு.

இந்த வருசம் இந்துஜாவுக்கு வரன் அமைஞ்சது. மாப்பிள்ளை கௌதம், நல்ல பையன், அவங்க அம்மா தமிழரசி ஸ்கூல் டீச்சர். பத்திரிகை எழுத உக்காந்தன்னைக்கு அவங்க எல்லாம் பேசி முடிச்சுட்டு மெதுவா ஆரம்பிச்சாங்க.

"சம்பந்தி, எங்களுக்கு ஒரு இதுவும் இல்ல. ஆனா பொண்ணோட அப்பா பேரு எப்படி வரும்னு மட்டும் சொல்லிருங்க. நிறைஞ்ச எழுத்தா, கோடா?"

"பேரை மட்டும் சாதாரணமாப் போட்டுருவோம்."

"போடலாம். அப்ப தாரை வாக்கிறதுக்கு அவரு வேணுமே. வரமாட்டாருன்னா உங்க தம்பியும் தம்பி சம்சாரமும் நிக்கட்டும், நீங்க கீழ உக்காந்து பாருங்க. தப்பா எடுத்துக்காதீங்க, நாலு பேரு பேசுவாங்க."

என் மகளை நான் வளத்தேன். காய்ச்சலுக்கு நான் முழிச்சேன், காலேஜு பஸ்சுக்கு நான் ஓடினேன். அவளைக் கையைப் பிடிச்சுக் குடுக்கிற நேரத்துல நான் கீழ பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து பாக்கணுமாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவங்க குடிச்ச காபி டம்ளரை நசுக்கியிருப்பேன். டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டேன்.

இந்துஜா பின்னாலயே வந்தா.

"அம்மா, கோட்டுல போடும்மா."

"சும்மா இருடி."

"வந்தா அப்பாவும் நீயும் மேடையில நின்னு தாரை வாத்துக் குடுங்க, எத்தனை வீட்டுல கோட்டு அப்பாக்கள் வந்து செய்யல? வராட்டி, எங்கயோ உயிரோட இருக்காருன்னு ஆயிரும். ரெண்டுல ஒண்ணு தெரியட்டும்மா. நான் இந்த வீட்டை விட்டுப் போகுறப்ப தெரிஞ்சுட்டாவது போறேன்."

அவளுக்கு ரெண்டும் நல்ல செய்திதான். எனக்குத்தான் ரெண்டும் தொண்டையில மாட்டுன முள்ளு. ஒரு வாரம் யோசிச்சேன். யோசிக்க யோசிக்க ஒண்ணு தெளிவாச்சு, வெளியில சொல்ல வெக்கம், உங்ககிட்டச் சொல்லுறேன். அவரு வரணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு. வரணும்னா என்ன அர்த்தம்? அந்த ரயில்லயே போயிருக்கணும்னு அர்த்தம். கொலுசைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு, எங்க ரெண்டு பேரையும் நினைச்சுக்கிட்டே போயிருக்கணும். புருசன் செத்திருக்கணும்னு எந்தப் பொம்பளையாவது வேண்டுவாளா? நான் வேண்டுனேன். அம்மன் கோயில்ல கையெடுத்து நின்னு வேண்டுனேன், அம்மன் முகத்தைப் பாக்கத் தெம்பில்லாம பாதத்தைப் பாத்துக்கிட்டே வேண்டுனேன்.

மறுநாள் அச்சகத்துல உக்காந்து அவரு பேரை அடிச்சேன். பத்துப் பாயிண்டு வைக்க எனக்கு மனசு வரல. நாப்பத்தெட்டு வச்சேன். தாளோட நெத்தியில, பிள்ளையார் படத்துக்குக் கீழ, தவசிலிங்கம்னு வெள்ளிக்கம்பி எழுத்து மொதத் தடவையா அது இருக்க வேண்டிய அளவுல நின்னுச்சு. தவ்வோட வளைவு, சியோட மேல்வளைவு, லிங்கு போற போக்கு, அய்யோ, எவ்வளவு அழகுங்கீங்க! அஞ்சு வருசமா ஊருக்கே காட்டணும்னு நினைச்சதை அன்னைக்குத்தான் நானே முழுசாப் பாத்தேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு, அது எழுத்துக்கா அவருக்கான்னு கேட்டா எனக்குத் தெரியாது.

அண்ணாச்சி வந்து எட்டிப் பாத்தாரு. "ஏம்மா, பொண்ணு பேரை விட அப்பா பேரு பெருசா இருக்கே."

"இருக்கட்டும் அண்ணாச்சி. தூரத்துல இருந்தாலும் தெரியட்டும்."

அன்னைக்கு மட்டும் மிசினை அவரே ஓட்டினாரு.

கல்யாணத்தன்னைக்குக் காலையில ஏழு மணிக்கெல்லாம் மண்டபம் நிறைஞ்சிருச்சு. அழைச்சது அறுநூறு, வந்தது ஆயிரத்துக்கு மேல, எல்லாம் வேடிக்கை பாக்க வந்தது. தவசிலிங்கம் வாராரா இல்லையா, அதுதான் பேச்சு. மாசானமுத்து ஒரு கோட்டு இலை கூடப் போட்டு வச்சிருந்தாரு. மணமேடையில அவருக்குன்னு புது வேட்டி துண்டு மடிச்சு வச்ச நாற்காலி, அதுக்குப் பக்கத்துல எனக்கு ஒரு நாற்காலி.

கோட்டாளுங்க வர ஆரம்பிச்சாங்க. எங்க அம்மா வந்தா, எங்க பெரியம்மா வந்தா, மாப்பிள்ளை வீட்டுத் தாத்தா ரெண்டு பேரு வந்தாங்க. மாமனார் வந்தாரு, வந்ததும் உள்ள வரல, வளைவுக்குக் கீழயே நின்னு ரோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. நான் அவருக்குப் பக்கத்துல போயி நின்னேன். ஏழரை ஆச்சு. எட்டு ஆச்சு. பத்திரிகையில போட்ட கோட்டுப் பேரு பதினொண்ணு, பத்துப் பேரு வந்தாச்சு. ஒவ்வொரு ஆட்டோ வரும்போதும் ஆயிரம் தலை திரும்புது. முகூர்த்தம் எட்டே முக்காலுக்கு முடியுது.

"இந்தப் பய எங்க போனான்?"ன்னாரு மாமனார். "மக கல்யாணத்துக்குக் கூட நேரத்துக்கு வரத் தெரியாதா இவனுக்கு?"

எட்டு இருபதுக்கு ஐயர் மேடையில இருந்து கையைக் காட்டினாரு. கூட்டத்துல யாரோ ஒரு பொம்பளை மொதல்ல சொன்னா, மெதுவாத்தான் சொன்னா, "ஏ, அப்ப தவசி உயிரோடல்ல இருக்காரு." அடுத்தவ வாங்கிச் சொன்னா. அப்புறம் மண்டபமே சொல்லுச்சு. குலவை போட்டாங்க பாருங்க, தாலி கட்டும்போது கூட அப்படிப் போட்டதில்ல. பொம்பளைங்க ஓடி வந்து என்னைக் கட்டிக்கிட்டாங்க, நெத்தியில குங்குமத்தை அப்பினாங்க, ஒருத்தி தன் தலையில இருந்த மல்லிகைப்பூவைப் பிச்சு எனக்கு வச்சா. "குடுத்து வச்சவடி நீ"ன்னா இன்னொருத்தி. தமிழரசி டீச்சர் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, "சம்பந்தி, இதை விடச் சந்தோசம் என்ன இருக்கு"ன்னு நெசமாவே அழுதாங்க. மாமனாருக்கு விசயம் புரிய ஒரு நிமிசம் ஆச்சு, புரிஞ்சதும் துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சுக்கிட்டு, "எம்மவன் இருக்கான், எம்மவன் இருக்கான்"னு போறவன் வாறவன்கிட்டயெல்லாம் சொன்னாரு. தகப்பன் மனசு, அவரைக் குத்தம் சொல்ல முடியாது.

இந்துஜா மாலையோட ஓடி வந்தா. "அம்மா, அப்பா இருக்காரும்மா!" சிரிச்சா, அழுதா, என் கழுத்தைக் கட்டிக்கிட்டா. அப்புறம் என் முகத்தைப் பாத்தா. பாத்ததும் அவ சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சு. கெட்டிக்காரி என் மக, எல்லாத்தையும் அந்த ஒரு நிமிசத்துல கணக்குப் போட்டுட்டா.

"அப்ப இவ்வளவு நாளும்?"ன்னு கேட்டா.

இவ்வளவு நாளும் எங்கயோ காலையில எந்திரிச்சுப் பல்லு விளக்கி, டீ குடிச்சு, சட்டைக்குப் பட்டன் போட்டு, வேலைக்குப் போயி, சிரிச்சுப் பேசி, பசிச்சா சாப்பிட்டு, நல்லாத் தூங்கி இருந்திருக்கான். போன் நம்பரு அதேதான், பன்னெண்டு வருசமா நான் மாத்தல, மாத்துனா அவனுக்குத் தெரியாமப் போயிருமேன்னு. நான் போட்டோவுல எந்த முதுகைப் பாத்துக் குழம்பி நின்னேனோ அது எவளோ ஒரு பாவப்பட்டவ புருசன் முதுகு. ஊரு குலவை போடுது. எனக்கு அந்த மண்டபத்தைத் தலைகீழாக் கவுக்கணும் போல இருந்துச்சு.

"உங்க தம்பியைக் கூப்பிடட்டுமா? நேரம் போகுது"ன்னாரு ஐயர்.

"வேண்டாம் சாமி."

மேடையில ஏறினேன். புது வேட்டி இருந்த நாற்காலியை ஓரமாத் தள்ளி வச்சேன். மேளக்காரரு வாசிக்கலாமா வேண்டாமான்னு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. "செத்தவங்க எல்லாரும் வந்தாச்சு, இனிமே யாருக்காகவும் நிக்க வேண்டாம், அடிங்க"ன்னேன்.

தமிழரசி டீச்சர் கீழ இருந்து, "சம்பந்தி, கையைப் பிடிக்க ஒருத்தர், தண்ணி ஊத்த ஒருத்தர் வேணுமே"ன்னு பதறினாங்க.

"எனக்கு ரெண்டு கை இருக்கு டீச்சர்."

இடது கையால என் மக கையை எடுத்து மாப்பிள்ளை கைமேல வச்சுப் பிடிச்சேன். வலது கையில செம்பை எடுத்தேன். தண்ணி சேலையில கொஞ்சம் சிந்துச்சு. கோட்டாளுங்க பத்துப் பேரும் முன்வரிசையில வந்து நின்னு பாத்தாங்க. ஐயர் மந்திரத்தைத் தொடங்கி, பாதியில நிறுத்தி என்னைப் பாத்தாரு.

"பொண்ணைக் குடுக்கிறவா பேரைச் சொல்லணும். தகப்பனார் பேரு சொல்லுங்கோம்மா."

"ஜெயக்கொடி"ன்னேன்.

அவரு தயங்கினாரு. பத்திரிகையைப் பாத்தாரு, மறுபடி என்னைப் பாத்தாரு.

"ஜெயக்கொடி, சாமி. காது கேக்குதா? சத்தமாச் சொல்லுங்க."